சாரா காமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் மட்டும் பெண்கள் கால்பந்தைப் பார்க்கும் உறவினர்கள் ஒரு பக்கம். ஐரோப்பிய லீக் ஆட்டங்களுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் நண்பர்கள் இன்னொரு பக்கம். பந்தையே தொட்டறியாமல், பார்பி பொம்மைச் செய்தியைப் படித்துவிட்டு வருபவர்களும் உண்டு. சாரா காமாவைப் பற்றி மூன்று தரப்பாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். சொன்ன பதிலையே சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களுடையவை. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கியது மட்டுமே என் வேலை.

1. யார் இந்த சாரா காமா? முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1989 மார்ச் 27 அன்று ட்ரியெஸ்டே நகரில் பிறந்த இத்தாலியத் தற்காப்பு ஆட்டக்காரர். இத்தாலியத் தேசிய அணிக்காக 140 ஆட்டங்கள் ஆடியவர். 2019 உலகக் கோப்பையில் அதன் கேப்டன். 2017இல் தூரின் நகரத்துப் பெரிய கழகமான யுவென்டஸ் தன் பெண்கள் அணியைத் தொடங்கியபோது அங்கும் கேப்டன் பட்டை அவர் கைக்கே போனது. அந்த இரண்டு அணிகளிலும் முதுகில் 3ஆம் எண்.

களத்துக்கு வெளியே அவருக்கு இன்னொரு முகம் உண்டு. இத்தாலியக் கால்பந்து ஆட்டக்காரர் சங்கத்தின் துணைத் தலைவராக 2020இல் தேர்வானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். இந்த இரண்டாவது முகம் இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருந்திருக்காது.

2. காமா என்றால் வாஸ்கோ ட காமா வழிவந்தவரா?

இல்லை. பெயர் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். (இதைக் கேட்டவர்கள் இதுவரை நான்கு பேர்.)

3. தோற்றத்தைப் பார்த்தால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர் போல் தெரிகிறதே?

தாய் இத்தாலியர், தந்தை காங்கோவைச் சேர்ந்தவர். பிறந்ததும் வளர்ந்ததும் ட்ரியெஸ்டேயில். விளையாட வைப்பதற்காக யாரும் அவரை எங்கிருந்தும் அழைத்து வரவில்லை. இந்தக் கேள்வியை இத்தாலியர்களே கேட்டிருக்கிறார்கள் என்பதால் உங்கள்மேல் கோபமில்லை.

ட்ரியெஸ்டே ஒரு வினோதமான ஊர். ஸ்லொவேனிய எல்லையை ஒட்டிய துறைமுகம். முதல் உலகப் போர் முடியும் வரை ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. இரண்டாம் போருக்குப் பிறகு சில ஆண்டுகள் யாருக்கும் சொந்தமில்லாத தனிப் பிரதேசமாகக் கிடந்து, 1954இல்தான் இத்தாலியோடு மீண்டும் சேர்ந்தது. பல மொழிகள் புழங்கும் அந்த ஊர்ப் பெண், பக்கத்திலிருக்கும் உதினே பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்ற பாடம் அந்நிய மொழிகளும் இலக்கியமும். பின்னாளில் அமைச்சர்கள் முன்னால் பேச வேண்டி வந்தபோது அவர் சொல்லுக்குத் தடுமாறியதில்லை.

4. ஒரு பெண் குழந்தைக்கு அங்கே கால்பந்து ஆட இடம் எப்படிக் கிடைத்தது?

சிறுவர்களோடு சேர்ந்துதான் ஆடினார். உள்ளூர் ஸாவ்லே அணியில் பையன்களுக்கு நடுவில் தொடங்கியவர், கலந்து ஆடும் வயது தாண்டியதும் பெண்கள் அணியைத் தேட வேண்டியிருந்தது. அவர் தலைமுறையைச் சேர்ந்த இத்தாலிய வீராங்கனைகள் பலருடைய கதை இப்படித்தான் தொடங்குகிறது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2006இல், 17 வயதில், வயது வரம்பில்லாத தேசிய முதன்மை அணியின் சட்டை கிடைத்தது. 2008இல் பிரான்ஸில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் போட்டியில் அவர் தலைமையில் சென்ற இத்தாலி, இறுதி ஆட்டத்தில் நார்வேயை 1-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. தூக்கிய கைகள் அவருடையவை.

5. 140 ஆட்டங்களில் வெறும் 7 கோல்தானா? பிறகு ஏன் இவ்வளவு பேச்சு?

தற்காப்பு ஆட்டக்காரரைக் கோல் கணக்கால் அளப்பது, காவலாளியை விற்பனைக் கணக்கால் அளப்பது போன்றது. தொடக்கத்தில் அவர் பக்கவாட்டில், கோட்டை ஒட்டி ஓடும் ஆட்டக்காரர். வேகம்தான் அவர் சொத்து. பிறகு நடுத் தற்காப்புக்கு மாறினார். உயரமான முன்கள வீராங்கனைகளோடு தோள் முட்டி நிற்பதைவிட, பந்து வரப்போகும் இடத்துக்கு ஒரு நொடி முன்னால் போய் நிற்பதுதான் அவர் பாணி. அந்த ஒரு நொடி தவறினால் என்ன ஆகும் என்பதை 9ஆம் பதிலில் பார்க்கலாம்.

6. எத்தனை அணிகள்? பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

சுற்றத்தான் செய்யும். சொந்த மாநிலமான ஃப்ரியூலியில் தவான்யாக்கோ, கியாசியெல்லிஸ், இடையில் சிறிது காலம் கலிஃபோர்னியாவின் பாலி புளூஸ், 2012இல் பிரேஷா, 2013இல் பாரிஸ் சென் ஜெர்மன், 2015இல் மறுபடியும் பிரேஷா, 2017இலிருந்து யுவென்டஸ்.

பாரிஸில் அவர் இருந்த இரண்டு பருவங்களிலும் அணி லீகில் லியோனுக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் முடிந்தது. 2015இல் சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை போய் ஃப்ராங்க்ஃபர்ட்டிடம் தோற்றது. அங்கே பெண்கள் அணிக்கும் ஒரு பெரிய கழகத்தின் பணமும் வசதியும் இருந்தன. திரும்பி வந்த பிரேஷாவிலோ ஆண்கள் கழகத்தின் துணை எதுவும் கிடையாது; அது தனித்து நின்ற பெண்கள் கழகம். ஆனாலும் 2015-16இல் அந்தச் சின்னக் கழகம் லீக் பட்டத்தையும் இத்தாலியக் கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்றது.

பட்டியலில் உள்ள ஊர்களைவிட ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மிலேனா பெர்தொலீனி. அன்றைய பிரேஷாவின் பயிற்சியாளர். இந்தக் கதையில் அவர் மீண்டும் வருவார்.

7. பிரேஷாவை விட்டு யுவென்டஸுக்குத் தாவியது பணத்துக்காகத்தானே?

'தாவினார்' என்பது எனக்கு உவப்பான சொல் அல்ல. ஆனால் கேள்வியில் ஒரு முள் இருப்பதை மறைக்கவும் மாட்டேன். 2017இல் யுவென்டஸ் பெண்கள் அணியைத் தொடங்கியபோது கீழ்ப் பிரிவிலிருந்து ஏறி வரவில்லை. கூனேயோ என்ற சிறு கழகத்தின் முதல் பிரிவு இடத்தை வாங்கிக்கொண்டது. ஆட்டக்காரர்களை நிரப்புவதற்குப் பிரேஷாவின் கதவைத் தட்டியது. காமா, பார்பரா பொனான்செயா, சேசிலியா சல்வாய், வலெந்தீனா செர்னோயா, மார்த்தீனா ரொசூச்சி என்று அணியின் முதுகெலும்பே அந்தக் கோடையில் தூரினுக்குப் போயிற்று.

அடுத்து நடந்ததைக் கதையில் எழுதியிருந்தால் மிகை என்பார்கள். 2017-18 லீக் முடிந்தபோது யுவென்டஸும் பிரேஷாவும் ஆளுக்கு 60 புள்ளிகள். பட்டம் யாருக்கு என்று முடிவு செய்ய 2018 மே 20 அன்று நொவாரா நகரில் ஒற்றை ஆட்டம். ஒரு பக்கம் ஓராண்டுக்கு முன் வரை பிரேஷா சட்டை போட்டிருந்த ஐந்து பேர். எதிரே அவர்களோடு உடைமாற்றும் அறையைப் பகிர்ந்துகொண்டவர்கள். 90 நிமிடம், பிறகு கூடுதல் நேரம், கோல் இல்லை. பெனால்டியில் 5-4 என்று யுவென்டஸ் வென்றது. காமா கேப்டனாகக் கோப்பையை வாங்கினார்.

சில வாரங்களில் பிரேஷா தன் முதல் பிரிவு இடத்தை ஏசி மிலானுக்குக் கொடுத்துவிட்டது. பெரிய ஆண்கள் கழகங்கள் உள்ளே வந்ததால் பெண்கள் கால்பந்து வளர்ந்தது உண்மை. அதுவரை அதைத் தோளில் சுமந்த சிறு கழகங்கள் நசுங்கியதும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பணம் என்ற பேச்சுக்கு 10ஆம் பதிலையும் படித்துவிடுங்கள்; அன்றைய விதிப்படி யுவென்டஸே நினைத்தாலும் அவரைக் கோடீஸ்வரி ஆக்கியிருக்க முடியாது.

8. ஒரே ஆட்டத்துக்கு 39,000 பேர் வந்தார்கள் என்கிறார்கள். இலவச டிக்கெட் கொடுத்தால் யாரும் வருவார்கள்தானே?

2019 மார்ச் 24, யுவென்டஸ் – ஃபியொரென்தீனா ஆட்டம். அனுமதி இலவசம்தான், அதை மறுக்கவில்லை. வழக்கமாகச் சிறிய பயிற்சி மைதானத்தில் ஆடும் பெண்கள் அணிக்கு அன்று முதன்முறையாக ஆண்கள் அணியின் அரங்கம் கிடைத்தது. வந்தவர்கள் 39,027 பேர். கடைசி நேரத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த சோஃபி பெடர்சன் தலையால் முட்டிய பந்துதான் ஆட்டத்தின் ஒரே கோல்.

இலவசம் என்றால் யாரும் வருவார்கள் என்பது மட்டும் சரியல்ல. அதற்கு முன் எத்தனையோ பெண்கள் ஆட்டங்கள் இலவசமாக நடந்திருக்கின்றன. வேலி ஓரத்தில் நின்று பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

9. 2019 உலகக் கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே பெனால்டி கொடுத்தவர் இவர்தானே?

இவரேதான். ஜூன் 9, வலான்சியென் நகரம், எதிரணி ஆஸ்திரேலியா. 1999க்குப் பிறகு இத்தாலி உலகக் கோப்பைக்கு வருவது அதுவே முதல் முறை. இருபது ஆண்டு இடைவெளி. ஆட்டம் தொடங்கி 20 நிமிடம் கடந்திருக்கும், பெனால்டிப் பெட்டிக்குள் ஆஸ்திரேலியாவின் சாம் கெர்ரை காமா பிடித்து வீழ்த்தினார். கெர் உதைத்த பெனால்டியை இத்தாலியின் கோல் காப்பாளர் லாரா ஜூலியானி தடுத்தும், திரும்பி வந்த பந்தைக் கெர்ரே வலைக்குள் தள்ளிவிட்டார்.

இருபது ஆண்டு காத்திருந்து வந்த அணியின் கேப்டன் அப்படித் தொடங்கினால் அணி உடைந்துபோகும் என்றுதான் நினைத்தேன். உடையவில்லை. இடைவேளைக்குப் பிறகு பொனான்செயா தற்காப்பாளரின் காலிலிருந்து பந்தைப் பறித்து சமன் செய்தார். 95ஆம் நிமிடம் செர்னோயா தூக்கி அனுப்பிய ஃப்ரீ கிக்கை மீண்டும் பொனான்செயா தலையால் முட்ட, 2-1. அனுப்பியவரும் முட்டியவரும் 7ஆம் பதிலில் பெயர் வந்தவர்கள்தாம். ஓரத்தில் நின்ற பயிற்சியாளர் பெர்தொலீனி. 2017இல் பிரேஷாவிலிருந்து தேசிய அணிக்கு வந்திருந்தார். ஒரு சின்ன ஊர்க் கழகத்தின் நிழல் அந்தக் கோல் முழுக்கப் படிந்திருந்தது.

பிறகு ஜமைக்காவை 5-0, பிரேசிலிடம் 0-1 தோல்வி, ஆனாலும் பிரிவில் முதலிடம். அடுத்து சீனாவை 2-0. காலிறுதியில், பிற்பகல் மூன்று மணி வெயிலில், நெதர்லாந்திடம் 0-2. இரண்டு கோலும் ஃப்ரீ கிக்கிலிருந்து தலையால் வந்தவை. பிரேசில் ஆட்டத்தை இத்தாலியில் தொலைக்காட்சியில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

10. உலகக் கோப்பை ஆடுபவர் எப்படி 'அமெச்சூர்' ஆக முடியும்? புரியவில்லை.

யாருக்கும் புரியாதுதான், ஆனால் சட்டம் அப்படி இருந்தது. இத்தாலியில் 1981இன் 91ஆம் எண் சட்டம், எந்த விளையாட்டு தொழில்முறை என்பதை முடிவு செய்யும் உரிமையை அந்தந்த விளையாட்டுக் கூட்டமைப்புகளிடம் விட்டது. கூட்டமைப்புகள் சில ஆண்கள் பிரிவுகளைச் சேர்த்தன. பெண்கள் பிரிவு ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. ஆகவே தினமும் இருவேளை பயிற்சி செய்து, கால்பந்தையே பிழைப்பாகக் கொண்ட பெண் காகிதத்தில் 'பொழுதுபோக்குக்கு ஆடுபவர்'.

அதன் விளைவு நடைமுறையில் சுட்டது. ஆண்டுச் சம்பளத்துக்கு உச்சவரம்பு, வரி பிடிக்கும் முன் ஏறத்தாழ 30,000 யூரோ. ஓய்வூதியக் கணக்கில் கழகம் பணம் கட்டத் தேவையில்லை. தொழிலாளிக்குரிய பாதுகாப்பு எதையும் உரிமையாகக் கேட்க வழியில்லை. முழங்கால் தசைநார் அறுந்து ஓராண்டு படுத்தால் கழகத்தின் நல்ல மனம்தான் கதி. யுவென்டஸின் ஆண்கள் அணிக்கு 2018இல் வந்த கிறிஸ்டியானோ ரொனால்டோ சட்டப்படி தொழிலாளி. அதே சின்னத்தை அணிந்த காமா அமெச்சூர்.

11. அப்படியானால் தொழில்முறை அந்தஸ்தை வாங்கிக் கொடுத்தவர் காமாதான் என்று சொல்லலாமா?

தனியாளாக என்றால் சொல்லக்கூடாது. அவருக்கு முன்னும் பின்னும் பலர் இழுத்த தேர் அது. ஆனால் தேரின் முன்வடத்தைப் பிடித்தவர்களில் ஒருவர் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆட்டக்காரர் சங்கத்தின் பெண்கள் பிரிவை நடத்தினார், இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆட்சிக் குழுவில் உட்கார்ந்தார், ஞாயிற்றுக்கிழமை போய்க் களத்திலும் நின்றார். குடியரசுத் தலைவர் மாளிகையான குவிரினாலேயில், தலைவர் மத்தரெல்லாவின் முன்னிலையில், அரசமைப்பின் 3ஆம் பிரிவைச் சுட்டிப் பேசினார். குடிமக்கள் சமம் என்பதோடு நில்லாமல், சமத்துவத்துக்குக் குறுக்கே நிற்கும் தடைகளை அகற்றுவது அரசின் கடமை என்று சொல்லும் பிரிவு அது. 'எங்களையும் கவனியுங்கள்' என்று கெஞ்சாமல், 'உங்கள் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது' என்று காட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

2019 இறுதியில், பெண் ஆட்டக்காரர்களைத் தொழில்முறை ஒப்பந்தத்தில் எடுக்கும் கழகங்களுக்குச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பில் சலுகை தரும் சட்டத் திருத்தம் வந்தது. 2020 ஜூனில் கூட்டமைப்பு கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. 2022 ஜூலை 1 முதல் பெண்கள் முதல் பிரிவு முழுமையாகத் தொழில்முறை ஆனது. இத்தாலியில் அந்த நிலையை அடைந்த முதல் பெண்கள் குழு விளையாட்டு அதுதான். அப்போது காமாவுக்கு வயது 33. ஆட்ட வாழ்க்கையின் பெரும்பகுதி அமெச்சூராகவே கழிந்துவிட்டிருந்தது.

12. பார்பி பொம்மை செய்தார்களாமே?

ஆமாம். 2018 உலக மகளிர் தினத்தையொட்டி மாட்டெல் நிறுவனம் வெவ்வேறு நாட்டுச் சாதனைப் பெண்களின் சாயலில் பார்பி பொம்மைகளை வெளியிட்டது. இத்தாலிக்கு சாரா காமா. சுருட்டை முடியும் கால்பந்துச் சீருடையுமாக ஒரு பார்பி. பொம்மை நிறுவனத்தின் விளம்பரம் என்பது அதில் பாதி. மீதிப் பாதி, கறுத்த தோல் கொண்ட இத்தாலியப் பெண் ஒருவரை இத்தாலியின் முகமாக அது காட்டியது. 3ஆம் கேள்வியைக் கேட்பவர்கள் இருக்கும்வரை அந்தப் பாதிக்கு மதிப்பு உண்டு.

13. 2023 உலகக் கோப்பையில் ஏன் அவர் பெயர் இல்லை? சண்டையா?

6ஆம் பதிலில் நினைவில் வைக்கச் சொன்ன பெயர் இங்கேதான் வருகிறது. அவரை விட்டுவிட்டவர் பெர்தொலீனி. பிரேஷாவில் வளர்த்தவர், 2019இல் அவரைக் கேப்டனாக்கி வலான்சியெனுக்கு அழைத்துச் சென்றவர், 34 வயதுக் கேப்டனை வீட்டில் விட்டுவிட்டு 16 வயது ஜூலியா திரகோனியை அழைத்துப் போனார். புதுத் தலைமுறைக்கு இடம் விடுவது பயிற்சியாளரின் உரிமை. அந்த ஆண்டு காமாவின் வேகம் குறைந்திருந்ததும் பொய்யல்ல. ஆனால் அணியில் யாருடைய குரலுக்கு மற்றவர்கள் அமைதியாவார்களோ அந்தக் குரலையும் சேர்த்தே வெளியே விட்டதுதான் பிழை என்பது என் எண்ணம்.

அர்ஜென்டினாவை 1-0 வென்ற இத்தாலி, ஸ்வீடனிடம் 0-5, தென்னாப்பிரிக்காவிடம் கடைசி நிமிட கோலில் 2-3 என்று தோற்று முதல் சுற்றோடு வெளியேறியது. பெர்தொலீனி விலகினார். புதிதாக வந்த அந்திரேயா சொன்சின் காமாவைத் திரும்ப அழைத்தார். ஆகவே சண்டை என்று ஒன்று இருந்ததோ இல்லையோ, கதவு அடைபட்டு முடியவில்லை.

14. யுவென்டஸில் கோப்பைகள் சரி. தேசிய அணியில் ஒன்றும் வெல்லவில்லையே, பெரிய ஆட்டக்காரர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

யுவென்டஸில் 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து லீக் பட்டங்கள். இத்தாலியர்கள் இதை ஸ்குதெத்தோ, அதாவது சிறு கேடயம் என்பார்கள். வென்ற அணி அடுத்த பருவத்தில் அதைச் சட்டையில் தைத்துக்கொள்ளும். 2020-21இல் ஆடிய 22 ஆட்டங்களிலும் வெற்றி. தேசிய அணியின் நீலச் சட்டையில், முதன்மை அணிக்கான கோப்பை எதுவும் இல்லை என்பது சரி. 1993இலும் 1997இலும் ஐரோப்பிய இறுதியில் தோற்ற இத்தாலிய அணிகள்கூட வெல்லவில்லை.

மோசமான நாட்களையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஐரோப்பியப் போட்டியின் முதல் ஆட்டத்தில், ராதரமில், காமா வழிநடத்திய இத்தாலி பிரான்ஸிடம் இடைவேளைக்குள் ஐந்து கோல் வாங்கியது. கிரேஸ் கெயோரோ மட்டும் மூன்று. 5-1 என்று முடிந்த அந்த ஆட்டத்துக்கு ஒன்பது நாட்களுக்கு முன்புதான் தொழில்முறை அந்தஸ்து நடைமுறைக்கு வந்திருந்தது. 'இதற்கா இத்தனை போராட்டம்' என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஒருவர் மோசமாக ஆடினால் அவருக்கு ஓய்வூதியம் தேவையில்லை என்பது என்ன கணக்கோ, எனக்கு விளங்கவில்லை.

15. இப்போதும் ஆடுகிறாரா? அவர் போன பிறகு அணி என்ன ஆயிற்று?

2024 பிப்ரவரியில் தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். யுவென்டஸில் 2023-24 அவருடைய ஏழாவது பருவம்.

2025இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் இத்தாலி அரையிறுதிக்குப் போனது. காலிறுதியில் நார்வேயை 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் புதிய கேப்டன் கிறிஸ்தியானா ஜிரெல்லியுடையவை. அவரும் ஒரு காலத்தில் பிரேஷா. ஜெனீவாவில் இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் 33ஆம் நிமிடம் பந்தை வலைக்குள் அடித்தவர் பொனான்செயா. 96ஆம் நிமிடம் வரை இத்தாலி முன்னிலையில் இருந்தது. மிஷெல் அஜெமாங் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் கடைசியில் கிளோயி கெல்லியின் பெனால்டியை லாரா ஜூலியானி தடுத்தும், திரும்பி வந்த பந்தைக் கெல்லியே உள்ளே தள்ளினார். 9ஆம் பதிலைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கப்பட்டதாக இருக்கும். காப்பாளரும் அவரே.